வனமும் சங்கமும்

(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



முதல் மரியாதை யாருக்கு என்னும் சச்சரவினால் மனஞ் சலித்த அன்பர் சிலர், "இனிச் சங்கம் எதற்கு? ஆற்றங்கரையில் ஒரு மரத்தடி போதும்" என்று விலகி நிற்கின்றனர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உளது. தியானத்துக்கு உரிய இடங்களாகப் புத்த பகவான் குறித்தவற்றுள் வனம், மரத்தடி, ஆளற்ற இல்லம் என்பனவும் அடங்கும். அங்கமர்ந்து, உட்செல்லும் மூச்சையும் வெளிவரும் மூச்சையும் உள்ளவாறே உணர்வது மனவிழிப்பின் முதற்படியாகும்.

மற்றைப் பாதியை மேகியரின் சரித்திரம் போதிக்கின்றது. பகவானுக்குப் பணிவிடை செய்துவந்த இப்பிக்ஷு, ஆற்றங்கரையில் ஓர் அழகிய மாந்தோப்பைக் கண்டு, அங்கே தனித்துத் தவம்புரிய விடை கேட்டார். "வேறொரு பிக்ஷு வரும்வரை பொறுத்திரு" என்ற பகவானின் சொல்லை ஏலாது, 3 முறை வேண்டிச் சென்றார். தோப்பு குளிர்ந்திருந்தது; உள்ளமோ குளிரவில்லை. காமம், பகை, கொடுமை ஆகிய நினைவுகளே அவரைச் சூழ்ந்தன. திரும்பி வந்தவருக்குப் பகவான், மனம் பக்குவமடைதற்குரிய 5 சாதனங்களை உபதேசித்தார். அவற்றுள் முதலாவது நல்லோர் நட்பு.

இனி, கோசிங்க சாலவனத்தைக் காண்போம். அங்கே அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வசித்தனர். பிக்ஷையேற்று முதலில் திரும்பியவர் ஆசனமிட்டு நீர் வைப்பார். கடைசியில் வந்தவர் இடத்தைப் பெருக்குவார். நீர்க்குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் அதனை நிரப்புவார். தனியே தூக்க இயலாதாயின், பேசாமல் கையசைத்து மற்றொருவரை அழைப்பார். 5 நாளுக்கு ஒருமுறை இரவு முழுதும் கூடியிருந்து தர்மம் பேசுவர். பாலும் நீரும்போல் கலந்திருந்தமையால், மௌனம் அவர்களுக்குத் தனிமையாகவில்லை.

இவ்வொற்றுமை எங்ஙனம் வாய்த்தது? அநுருத்தரும் கிம்பிலரும் சாக்கிய குலத்துப் பிரபுக்கள். துறவு பூண வந்த நாளில், தங்களுடன் வந்த நாவிதராகிய உபாலிக்கே முதலில் தீக்ஷையளிக்குமாறு அவர்களே பகவானை வேண்டினர். முன் தீக்ஷை பெற்றவரைப் பின்வந்தோர் வணங்குதல் சங்க விதி. அவ்வாறு வணங்கினால் தங்கள் குலச்செருக்கு அடங்கும் என்பதே அவர்கள் கருத்து. முதல் மரியாதையை அன்றே விட்டவர்களுக்கு, வனத்தில் துடைப்பம் எடுக்கக் கை கூசவில்லை.

அன்பர்களே! குலத்தின் பேரால் கூடியிருக்கும் நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பௌர்ணமிதோறும் ஊர்ப்புறத் தோப்பொன்றில் ஒரு நாழிகை மௌனமாய் அமர்வோம். பின்னர் அறம் பேசுவோம். முதலில் வந்தவர் பாய் விரிக்கட்டும். கடைசியில் செல்பவர் பெருக்கட்டும். எக்குலத்தார் வரினும் இடம் தருவோம். விலகி நிற்கும் சகோதரர்களை அங்கே நாமே சென்று அழைத்து வருவோமாக.