ஒரே உலைச் சோறு, ஒரே வீதி நடை

(தலைப்பு: 'உடம்பு இளைக்க உதவுவது வாயைக் கட்டுவதா, காலை வீசி நடப்பதா?' திருச்சி மேடையில் 'நடப்பதே' என்ற அணியில் ஸ்ரீரங்கத்து இல்லத்தரசி ஒருவர் பேசியது.)



முதல்லயே ஒண்ணை ஒத்துக்கறேன். நடந்தா இளைக்கலாம்னு பேச வந்திருக்கிற நான், நடந்தும் இளைக்காதவ. (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. இதுக்காக நான் எங்க வீட்டுக் கொல்லையில நின்னு அழுதிருக்கேன்.

எதிரணி அண்ணன் வடைக் கணக்கு ஒண்ணு சொன்னார். முக்கால் மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்தாலும் 200 கலோரிதான் செலவாகும், ரெண்டு மெதுவடையில அது திரும்ப வந்து உக்காந்துக்கும்னு. கணக்கு சரிதான் அண்ணே. எடை மட்டும்தான் பேச்சுன்னா, வாயைக் கட்டுறதுக்குத்தான் பலம் அதிகம். நான் மறுக்கலை. ஆனா நாம வாயைக் கட்டுற லட்சணம் இருக்கே! எங்க ஊர்ல ஏகாதசி அன்னிக்கு அரிசியைத் தொடமாட்டோம். விரதம்! அதுக்குப் பதிலா கோதுமை ரவை உப்புமா, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, ஆறு வாழைப்பழம், ராத்திரிக்குப் பால். சோறே தின்னிருக்கலாம் போல. (கைதட்டல்)

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. அவரோட கால் விரல் ரெண்டை எடுத்தாங்க. அந்தப் பயத்துல, தை பொறந்ததும் நானும் என் ஓரகத்தியும் நடக்க ஆரம்பிச்சோம். விடியக்காலை அஞ்சரை மணி, உத்தர வீதியில ரெண்டு சுத்து. ரெண்டு பேருக்கும் ஒரே உலையில கொதிச்ச சோறு, ஒரே குழம்பு. சோத்தைப் பாதியாக்கி, காயைக் கூட்டி, காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தினோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்.

சித்திரைத் தேர் வந்தது. எடை மிஷின்ல ஏறிப் பார்த்தோம். அவ 78-லேர்ந்து 71. நான் 72-லேர்ந்து எழுபதரை! தேருக்கு வந்த சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி எங்க மாமியார் சொன்னாங்க: "அடுப்படியில நின்னு ருசி பார்க்கிற வாய் எப்படிம்மா இளைக்கும்?" பொய் சொல்றவன்னு பேர் வாங்கிட்டேன். பருமனா இருக்கிறதைவிட அது வலிக்குதுங்க. தெரியாம திங்கறாள்னு வீடே நினைக்கிறப்ப, தண்ணி குடிக்கக்கூட அடுப்படிக்குள்ள போகக் கூச்சமா இருக்கு.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். அப்புறம் காலை டிபனை. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போறோம். ஊரே எலுமிச்சஞ்சாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம்னு தூக்கைத் திறந்து வெச்சிருக்கு. நான் மட்டும் வேண்டாம், வேண்டாம்னு தலையாட்டிட்டே இருந்து, மூணாவது படியில அப்படியே சாஞ்சுட்டேன். என் ஓரகத்தி பிடிக்கலைன்னா காவிரிதான்.

டாக்டர் முதல்ல எடையைக் கேக்கலை. சித்திரையில எடுத்த ரத்தப் பரிசோதனை எங்கன்னு கேட்டார். பீரோவுல கிடக்குது. எடை மிஷினைப் பார்த்த துக்கத்துல அந்தக் கவரை யாரும் பிரிக்கவே இல்லை! பிரிச்சா, மூணு மாசச் சர்க்கரை அளவு தையில 6.3 இருந்தது 5.8 ஆயிருக்கு. இடுப்புச் சுத்தளவு 94 சென்டிமீட்டர் இருந்தது 89. ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு இருக்குன்னு டெய்லர்கிட்ட கொடுத்துப் பிடிச்சுத் தைச்சேன், அப்பகூட என் மரமண்டைக்கு உறைக்கலை பாருங்க. டாக்டர் கேட்டார்: "உங்க வீட்டுக்கு உங்க எடை குறையணுமா, உங்க கால் இருக்கணுமா?"

இது என் ஒருத்தி கதைன்னு நினைக்காதீங்க. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரப்போற நிலையில இருந்த 531 பேரை வெச்சு மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணி 2006-ல வெளியிட்டாங்க. வழக்கமான அறிவுரையோட விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துடுச்சு. தினம் நடந்து, இனிப்பையும் மாவுப்பண்டத்தையும் குறைச்சவங்கள்ல நூத்துக்கு 39 பேருக்குத்தான். அவங்க எல்லாம் இளைச்சாங்களா? எடை பெரிசா குறையவே இல்லை! அப்பவும் உடம்பு தப்பிச்சது. (கைதட்டல்)

சரி, ஒரே உலைச் சோறு ஏன் ஆளுக்கு ஆள் மாறுது? 1990-ல கனடா நாட்டு கியூபெக்ல, அச்சுல வார்த்த மாதிரி இருக்கிற 12 ஜோடி இரட்டையருக்கு, நூறு நாள்ல 84 நாள், வழக்கத்தைவிட 1000 கலோரி கூடுதலாப் போட்டாங்க. ஒருத்தருக்கு ஏறினது நாலு கிலோ, இன்னொருத்தருக்குப் பதிமூணு! ஆனா அண்ணனுக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் தம்பிக்கும். பிறவியிலேயே கொஞ்சம் எழுதி அனுப்பியிருக்காங்க.

எடையும் முழுக்கதை சொல்லாது. புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின், ரெண்டு பேரும் நண்பர்கள். உயரத்துக்கு எடை பார்க்கிற குறியீடு ரெண்டு பேருக்கும் 22.3. ஆனா உடம்புல கொழுப்பு, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! 2004-ல தங்க போட்டோவையே பத்திரிகையில போட்டு அவங்களே சொன்னாங்க. ஒல்லியாத் தெரியுற நம்ம ஆளுங்க வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எடை மிஷினுக்குத் தெரியாது. இடுப்புல டேப்பைச் சுத்தினாத் தெரியும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதுதான் நம்ம நாட்டுக்கு எல்லை. நான் இன்னும் எல்லைக்கு வெளியிலதான் நிக்கிறேன், நடந்துட்டிருக்கேன்.

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு நடுவர் அவர்களே. காலையில நடந்துட்டோமேங்கிற தெம்புல நான் மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுத்துடுவேன். என் ஓரகத்தி அந்த நேரத்துல மாடிக்கும் கீழுக்கும் இருபது தடவை ஏறி இறங்குவா. உத்தர வீதி மட்டும்தான் ரெண்டு பேருக்கும் ஒண்ணு, மிச்ச நாள் பூரா வேற வேற. இதை யாரும் கணக்குல எடுக்கலை, நானும் எடுக்கலை.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கறேன். டாக்டர் சொன்னதுக்கப்புறம் ரெண்டு வேளை டிபனும் திரும்ப வந்தாச்சு, எடை 71-ஆ ஏறியும் ஆச்சு. (சிரிப்பு) எங்க மாமியார் இங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. தையல் மிஷின் டிராயர்ல இருந்த டேப்பை அவங்களே எடுத்துக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. வீட்டுக்குப் போனதும் முதல்ல அவங்க இடுப்பைத்தான் அளக்கணுமாம்.