ஆசை வந்தால் வரட்டும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் அல்ல. 28 வருடம் சிகரட் பத்தினவன். அந்தத் தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

ஊரிலே எங்கட அப்பு சுருட்டுப் பத்தினவர். நான் பழகினது இங்கே, 1993இல், டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவின காலத்தில். அகதி வழக்கு முடியவில்லை, ஊரிலிருந்து கடிதம் இல்லை. பின்கதவுக்கு வெளியே பனிக்குள் நின்று ஒன்று பத்தினால் மனம் ஆறும் என்று நினைத்தோம். அன்று என்னோடு நின்ற நண்பர் நுரையீரல் புற்றுநோயால் இன்று இல்லை.

ஒவ்வொரு சித்திரைக்கும் சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணுவேன். சிகரட்டை நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடிப்பேன். நினைக்கக் கூடாது என்றால் அதுதானே முதலில் நினைவில் வரும்? ஒரு கிழமை தாண்டாது. பிறகு மனிசிக்கு ஒளித்துப் பத்துவேன்.

மகள்தான் ஒரு ஆராய்ச்சியை வாசித்துச் சொன்னாள். சியாட்டில் நகரத்து பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் நிலையத்தில் ஜொனதன் பிரிக்கரும் குழுவினரும் 'ஐகான்குவிட்' என்ற கைத்தொலைபேசிச் செயலியை, வேறொரு செயலியோடு ஒப்பிட்டு, 2,415 பேரிடம் பரிசோதித்தார்கள். மற்றச் செயலி ஆசையைத் தூண்டுகிறவற்றை விலக்கி நடக்கச் சொல்வது. 2020இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடம் கழிய, கடைசி 30 நாளும் பத்தாதவர்கள் இதிலே நூற்றுக்கு 28 பேர், மற்றதிலே 21 பேர். இது மந்திரம் அல்ல, கனபேர் விடவில்லை. ஆனால் அந்த ஏழு பேர் ஏழு குடும்பமல்லவா?

அதன் வழி 'ஏற்றுக்கொள்ளல்'. ஆசையோடு சண்டை பிடிக்காதே. தொண்டையிலா நெஞ்சிலா, எங்கே இழுக்குது என்று கவனி. அலை போல எழும்பும், பிறகு தணியும். பத்தாமல் போகவிட்ட ஒவ்வொரு ஆசையையும் கணக்கு வை. யாருக்காக விடுகிறாய் என்பதை மறவாதே.

எனக்குச் செயலி சரிவராது. 2021 சித்திரையில் ஒரு கொப்பியில் கோடு போடத் தொடங்கினேன். முதல் நாள் நாலு கோடு. இடையிலே இரண்டு தரம் விழுந்தேன். அதற்காகக் கொப்பியை எறியவில்லை. ஆசை இன்றைக்கும் வருகிறது. வந்துவிட்டுப் போகிறது.

உதவியும் இருக்கிறது. கியூபெக்கில் மருந்துக் கடைப் பார்மசிஸ்டே நிக்கொட்டின் பிளாஸ்டர் எழுதித் தரலாம். 1 866 527 7383 என்ற இலவச இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பிள்ளைகளே, பாஷை தெரியாத அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுங்கோ.

தாய்மாரே, ஒளித்துப் பத்துகிறவரை ஏசாதேயுங்கோ. ஏசினால் இன்னும் ஒளிப்பார். இன்றைக்கு எத்தனை கோடு என்று கேளுங்கோ.