விதியும் வெற்றியும்

ஆட்டத்தின் விதி மாறினால் வெல்பவர் யார்? 1961ஆம் ஆண்டின் ‘ஃபார்முலா ஒன்’ கார்ப் பந்தயம் இதற்கு விடை தருகிறது.

அதுவரை அப்பந்தயக் கார்களின் இஞ்சின் 2.5 லிட்டர் கொள்ளளவு வரை இருக்கலாம். வேகமும் ஆபத்தும் குறைய வேண்டி, 1961 முதல் அது 1.5 லிட்டரைத் தாண்டலாகாது என்று 1958இலேயே அறிவித்தனர். பிரிட்டிஷ் குழுவினர் எதிர்த்தனர். விதி கைவிடப்படும் என நம்பிக் காலம் கடத்தினர். இத்தாலியின் ஃபெராரியோ புதிய இஞ்சினுடன் காத்திருந்தது. எட்டுப் பந்தயங்களுள் ஐந்தை அதுவே வென்றது. ஆயினும் மொனாக்கோவின் வளைந்த வீதிகளில், ஆற்றல் குறைந்த லோட்டஸ் காரோட்டிய ஸ்டெர்லிங் மாஸ் ஃபெராரிகளை வென்றார். ஆங்கே குதிரைத்திறனைக் கைத்திறன் விஞ்சியது.

செப்டம்பர் 10இல் மோன்சாவில் இரு கார்கள் மோதின. பட்டத்தை நெருங்கியிருந்த ஃபெராரி வீரர் வான் டிரிப்ஸும், வேலியருகே நின்ற பார்வையாளர் பலரும் மாண்டனர். பட்டம் அவருடைய குழுத் தோழர் ஃபில் ஹில்லுக்குக் கிட்டியது.

இஞ்சின் சிறுத்தது, வேலியோ வலுப்பெறவில்லை. விதி யாருக்கு வெற்றி தந்தது என்று கேட்பதோடு நில்லாமல், எவருயிரைக் காத்தது என்றும் கேட்பதே அறிவுடைமை.