தி.நகரில் வசூலாகும் காசும் நம்ம சந்தை ஏலமும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்னைக்குப் போய் வந்த எங்களைப் பார்த்து, "என்ன வாங்கி வந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டீங்க. தி.நகர் போயிட்டு வெறுங்கையோட திரும்ப முடியுமா? அது தனிக் கதை. நாங்கள் போனது வேறு காரியத்துக்கு. நம்ம ஊராட்சியின் வாரச்சந்தை குத்தகை ஏலம் வரப்போகுது. அதைக் கூட்டமைப்பு எடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவு பண்ணணும். ஊரை ஆளுகிற ஒரு நிர்வாகம் பொது இடங்களிலிருந்து எப்படிக் காசு பார்க்கிறது, அது யார் கை வழியாகப் போகிறது என்று தெரிஞ்சுக்கத்தான் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் சுற்றி வந்தோம்.

பொது இடம் என்றாலே மாநகராட்சிக்குச் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. தி.நகர் பஸ் நிலையம் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. மாம்பலம் ஸ்டேஷன் ரயில்வேயுடையது. மயிலாப்பூர் குளம் கபாலீசுவரர் கோயில் சொத்து. கோயிலுக்குச் சொந்தமான கட்டடங்களின் வாடகை கோயிலுக்குத்தான் போகும். குடிநீர் வரிகூட மாநகராட்சிக்கு இல்லை. 1978ஆம் வருடச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்துக்குப் போகிறது. சின்ன நகராட்சிகளில் பஸ் நிலையம் பெரும்பாலும் நகராட்சியுடையதாக இருக்கும். பஸ் உள்ளே நுழையக் கட்டணம், கடை வாடகை, சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை என்று நாலு காம்பிலும் பால் கறக்கும் மாடு அது.

சென்னை மாநகராட்சிக்குப் பெரிய வருமானம் சொத்து வரிதான். 1998க்குப் பிறகு 2022இல்தான் அதை உயர்த்தினார்கள். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு மாதிரி பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலே போனால் 150 சதவீதம் ஏறியது. சின்ன வீட்டுக்குக் குறைவாக வைத்தது நல்ல காரியம். ஆனால் 24 வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக ஏற்றினால் யாருக்கும் வலிக்கும். வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றியிருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்காது. நம்ம குழுவில் சந்தாவை உயர்த்தும்போதும் இதே பாடுதானே!

அடுத்தது வாடகை. தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் சர் பிட்டி தியாகராயர் அரங்கம் மாநகராட்சியுடையது. விழா நடத்துகிறவர்கள் வாடகை கட்டுகிறார்கள். சமுதாய நலக்கூடங்களும் அப்படித்தான்; கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடக்கும்.

பாண்டி பஜாரில்தான் நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம். நடைபாதையில் கடை போட்டிருந்த சுமார் 600 வியாபாரிகளை 2013இல் மாநகராட்சி ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றியது. ஆளுக்கொரு சின்னக் கடை. 2019இல் ரோட்டின் நடைபாதையை அகலமாக்கி, மக்கள் காலாற நடக்கிற மாதிரி செய்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கு. ஆனால் பிளாஸ்டிக் வளையலும் ரிப்பனும் வாங்குகிறவர்கள் மாடி ஏறி வருவார்களா? வரவில்லை என்பதே அந்த வியாபாரிகளின் பழைய குறை. நிழலும் கூரையும் கொடுத்தால் போதாது, ஆள் நடமாட்டமும் வேணும். நம்ம சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வையுங்க.

தெருவியாபாரிகளுக்கு 2014இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கணும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கணும் என்று அதில் இருக்கிறது. நகரத்தில் கடை போடும் நம் சொந்தக்காரப் பெண்களிடம் இதை அவசியம் சொல்லுங்க.

வண்டி நிறுத்தக் கட்டணத்துக்கு வருவோம். மாநகராட்சி அதைத் தானே வசூலிக்காமல் ஒப்பந்தம் விட்டுத்தான் வசூலித்து வந்தது. 2025 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்ததும், புது டெண்டர் வரும் வரைக்கும் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் 1913க்குப் புகார் சொல்லுங்க என்று மாநகராட்சியே அறிவித்தது. எதுக்கு அப்படி அறிவிக்கணும்? ஒப்பந்தம் முடிந்த பிறகும் கையை நீட்டுகிற ஆள் இருப்பான் என்று அவர்களுக்கே தெரியும்.

காசு வராத இனமும் உண்டு. 2013இல் அம்மா உணவகம் ஆரம்பித்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைத்துப் பரிமாறுகிறவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள். விற்ற காசு செலவுக்குக் கட்டாது, மாநகராட்சிதான் தாங்குகிறது. இதே மாநகராட்சிதான் 1920இல், தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டது. மண்டப வாடகையிலும் சொத்து வரியிலும் வருகிற காசு இதுக்குப் போனால் யாரும் குறை சொல்ல மாட்டோம். குறை கூலியில்தான். 300 ரூபாயாக இருந்த நாள் கூலி 2024இல்தான் 325 ஆனது.

சரி, நம்ம சந்தைக்கு வருவோம். எங்கள் பயணக் குழு போட்ட கணக்கு இது. எல்லாம் உத்தேசம்தான்.

வாரம் 120 கடை, கடைக்கு 20 ரூபாய் அடிக்காசு என்றால் 52 வாரத்துக்கு 1,24,800 ரூபாய். குத்தகையை 50,000க்கு எடுத்தோம் என்று வைங்க, மீதி 74,800. வசூலுக்கு இரண்டு பேர், ஆளுக்கு 400 கூலி, வருஷத்துக்கு 41,600. கூட்டிப் பெருக்க வாரம் 300 வீதம் 15,600. மிச்சம் 17,600. மழைக்காலத்தில் பத்து வாரம் பாதிக் கடைதான் வரும். அதில் 12,000 போனால் கையில் நிற்பது 5,600 ரூபாய்.

இவ்வளவுதானா என்று கேட்பீங்க. அப்போ ஏலத்தில் ஏன் இத்தனை போட்டி? சீட்டில் 20 என்று போட்டுவிட்டு 30 வாங்கினால், இதே கணக்கில் வருஷத்துக்கு அறுபதாயிரம் வரை கூடும். அந்தப் பத்து ரூபாய் ஊராட்சிக் கணக்கில் ஏறாது. கீரைக்கட்டு வைத்திருக்கிற நம் உறுப்பினரின் முந்தானையிலிருந்து போகிறது. பல பேருக்குச் சீட்டே கிடைப்பதில்லை.

நாம் எடுத்தால் 20க்கு மேலே ஒரு பைசா வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஏலத்தில் 55,000க்கு மேலே போனால் நமக்குக் கைப்பிடித்தம்தான். அதனால் எங்கள் யோசனை, 50,000 வரை கேட்போம், அதுக்கு மேலே போனால் விட்டுவிடுவோம். வேறு யார் எடுத்தாலும் சந்தை வாசலில் கட்டணப் பலகை வைக்கணும், சீட்டு கொடுக்கணும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வரவு செலவு வாசிக்கும்போது டீ குடிக்க வெளியே போயிடாதீங்க. "சந்தைக் குத்தகை எவ்வளவு, முழுசும் கட்டியாச்சா?" என்று எழுந்து கேளுங்க.

அதுவரை சந்தையில் வாங்குகிற சீட்டை யாரும் தூக்கிப் போட வேண்டாம். சீட்டு கொடுக்காத வாரம் தேதியையும் கொடுத்த தொகையையும் குழு நோட்டில் எழுதிவையுங்க. நாலு வாரத்துச் சீட்டையும் நோட்டையும் அடுத்த செயற்குழுவுக்குக் கொண்டுவந்தால், கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலத்துக்கு டேவணித் தொகை கட்டலாமா என்று அங்கேயே தீர்மானிக்கலாம்.