ரெண்டு ஃபோல்டர், ஒரே கேமரா

வழக்கம்போல திருவொற்றியூர்ல, நம்ம மொட்டைமாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி போகாத நேரம் பார்த்துதான் ரெக்கார்ட் பண்ணணும்னா இந்த பாட்காஸ்ட் வெளியவே வராது.

இன்னிக்கு விஷயம் ஒரு போட்டோகிராஃபரைப் பத்தி. ஆனா அவர்கிட்ட வர்றதுக்கு முன்னாடி என் ஃப்ரெண்டு ஒருத்தனைப் பத்திச் சொல்லணும். என்கூட இன்ஜினியரிங் படிச்சவன். நான் கோடிங் பக்கம் போனேன், அவன் கேமரா பக்கம் போனான். இப்போ ஆன்லைன்ல துணி விக்கிற கம்பெனிகளுக்கு கேட்டலாக் ஷூட் பண்றான். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது டிரெஸ். அதே மாடல், அதே வெள்ளை பேக்ரவுண்ட்.

போன மாசம் தேரடி மெட்ரோ ஸ்டேஷன் கீழ டீ குடிச்சிட்டு இருந்தோம். திடீர்னு சொன்னான்: "மச்சான், என் லேப்டாப்ல ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ஒண்ணு வயித்துக்கு, இன்னொண்ணு மனசுக்கு. ரெண்டாவது ஃபோல்டர்ல ஆறு மாசமா ஒரு படம்கூட விழலடா. வேலைய விட்டுடலாமான்னு இருக்கு."

எனக்கு உடனே பதில் தெரியல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்போ ஞாபகத்துக்கு வந்தவர்தான் பிரபுத்த தாஸ்குப்தா.

இந்தப் பேரு நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. ஆனா தொண்ணூறுகள்ல இந்திய ஃபேஷன் போட்டோன்னா எப்படி இருக்கணும்னு தீர்மானிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். 1956-ல கொல்கத்தாவுல பிறந்து, டெல்லியில வளர்ந்தவர். காலேஜ்ல படிச்சது வரலாறு. முதல் வேலை விளம்பரக் கம்பெனியில வாசகம் எழுதுறது. போட்டோகிராஃபி எந்தப் பள்ளியிலயும் படிக்கல, தானா கத்துக்கிட்டது. எண்பதுகளோட கடைசியிலதான் முழுநேரமா கேமராவைக் கையில எடுத்தார். 1991-ல போட்டோகிராஃபிக்காக இவ் சான் லோரான் பேர்ல கொடுத்த மானியம் அவருக்குக் கிடைச்சது.

இதுல நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அவரோட அப்பா பிரதோஷ் தாஸ்குப்தா பெரிய சிற்பி. டெல்லியில இருக்கிற தேசிய நவீனக் கலைக்கூடத்தைப் பல வருஷம் கவனிச்சுக்கிட்டவர். அவர் சிற்பம் படிச்ச இடங்கள்ல ஒண்ணு நம்ம மெட்ராஸ் ஓவியப் பள்ளி, அதாவது இன்னிக்கு இருக்கிற எழும்பூர் கவின் கலைக் கல்லூரி. வாத்தியார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவுல நாலு பேர் பாறையைத் தள்ளுற உழைப்பாளர் சிலை இருக்குல்ல, அதைச் செஞ்சவர். பீச்சுக்குப் போறப்பல்லாம் அது முன்னாடி செல்ஃபி எடுக்குறோம். அதைச் செஞ்ச வாத்தியாரோட மாணவர் மகன்தான் நம்ம ஆளு.

சரி, கதைக்கு வருவோம். 1995. டஃப்னு ஒரு ஷூ கம்பெனியோட விளம்பரம். மிலிந்த் சோமன், மது சாப்ரே ரெண்டு பேரும் கால்ல ஷூ மட்டும் போட்டு நிக்கிறாங்க. அவங்களைச் சுத்தி ஒரு மலைப்பாம்பு. எடுத்தவர் பிரபுத்த தாஸ்குப்தா. நாடே கொந்தளிச்சது. மும்பையில ஆபாச வழக்கு. மாடல்கள், போட்டோகிராஃபர், விளம்பரக் கம்பெனி, படத்தைப் போட்ட பத்திரிகைகள்னு எல்லார் மேலயும். பாம்பைப் பயன்படுத்தினதுக்கு வனவிலங்குச் சட்டப்படி தனியா ஒரு புகார். அந்த வழக்கு எத்தனை வருஷம் ஓடுச்சு தெரியுமா? பதினாலு. 2009-லதான் விடுதலை.

ஒரு நாள் செஞ்ச வேலைக்கு பதினாலு வருஷம் கோர்ட்டு. நானா இருந்தா பயந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் எடுத்திருப்பேன்.

அவர் என்ன பண்ணார்னு பாருங்க. வழக்கு ஆரம்பிச்ச அடுத்த வருஷமே, 1996-ல, 'விமன்' புத்தகம் வருது. நகரத்துப் பெண்களோட கறுப்பு-வெள்ளைப் படங்கள், அதுல நிர்வாணப் படங்களும் உண்டு. ஆபாச வழக்கு தலைக்கு மேல தொங்குறப்போ இதை வெளியிடுறார். 2000-ல 'லடாக்'. ஃபேஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, மலையும் வெட்டவெளியும்தான். வழக்கு முடிஞ்ச அதே 2009-ல 'எட்ஜ் ஆஃப் ஃபெய்த்'. கோவாவுல இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களைப் பத்தினது. போர்ச்சுகீசியர் 1961-ல போனதுக்கு அப்புறமும் அந்த நினைப்போட வாழுற மனுஷங்க, அவங்க வீடு, அவங்க சாமி.

அதாவது, அந்தப் பதினாலு வருஷத்துக்குள்ள மூணு புத்தகம். இதுக்கு நடுவுல விளம்பர வேலையையும் ஃபேஷனையும் அவர் விடவே இல்ல. 2012 ஆகஸ்ட்ல, 55 வயசுல, மாரடைப்புல இறக்குற வரைக்கும் ரெண்டும் சேர்ந்தேதான் போச்சு.

இந்த ரெண்டு வேலையோட படங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஃபேஷன் படத்துல துணியை விட அந்தப் பொண்ணு முகத்துல இருக்கிற யோசனைதான் முதல்ல கண்ணுல படும். கோவா படத்துல ஒரு வயசான அம்மா தன் வீட்டு நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க, ஒரு மாடலுக்குக் கொடுக்குற அதே மரியாதையோட. கண்ணு ஒண்ணுதான். ஒருத்தரை நிக்க வைக்கிறது, கூச்சத்தைப் போக்குறது, வெளிச்சம் எங்க விழுதுன்னு பார்க்குறது, இதெல்லாம் சம்பள வேலையில தினமும் பழகுற விஷயம். அதைத் தூக்கிக்கிட்டு வந்து யாரும் கேட்காத படத்துல போட்டார்.

இருங்க, நீங்க கேட்கப்போறது எனக்குத் தெரியும். "ப்ரோ, அவர் சிற்பியோட பையன். கலைக்கு நடுவுல வளர்ந்தவர். எங்களுக்கு ஈ.எம்.ஐ. இருக்கு." உண்மைதான், அதை மறைக்க முடியாது. என் ஃப்ரெண்டோட அப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டினவர். வீட்டுல கலைன்னா சன் டிவிதான். அந்த மாதிரி ஆரம்பம் எல்லாருக்கும் கிடைக்காது. அதனால "வேலையை விடு, கனவைத் துரத்து"ன்னு நான் சொல்ல மாட்டேன். பிரபுத்த வாழ்க்கையே அதைச் சொல்லலையே. அவர் சம்பள வேலையை வெச்சுக்கிட்டார். இன்னொரு வேலையைத் தள்ளிப்போடல, அவ்வளவுதான். கோர்ட்டு கேஸை விட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும்? அவர் அதைப் பயன்படுத்திக்கல.

இன்னொண்ணும் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில காசிமேடு போனீங்கன்னா மீனை விட கேமரா அதிகமா இருக்கும். நம்ம படகு, நம்ம துரு, நம்ம வலை எல்லாம் யாரோ ஒருத்தர் போடுற டிரெஸ்ஸுக்கு பேக்ரவுண்ட். பக்கத்துல நிக்கிற அக்காவை "கொஞ்சம் தள்ளுங்க"ன்னு ஃபிரேமை விட்டு வெளிய அனுப்புவாங்க. கோவா படங்களைப் பார்த்தப்போ எனக்கு உறைச்சது இதுதான். அங்க வீடு பேக்ரவுண்ட் இல்ல, வீட்டுக்காரங்கதான் படம்.

இதையெல்லாம் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். "நல்லா பேசுற, மைக் முன்னாடி பேசு"ன்னு கிளம்பிட்டான்.

ரெண்டு வாரம் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு. அவன் தெருவுல மீன் விக்கிற ஆயா. அவங்க வீட்டு வாசல், பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு பக்கம் மட்டும் மெத்துனு வெளிச்சம். "லைட் எப்படிடா?"ன்னு கேட்டேன். "கேட்டலாக்குக்கு யூஸ் பண்ற தெர்மாகோல்தான் மச்சான். ஆயா ரொம்ப வெரப்பா உட்கார்ந்துச்சு. மாடலுக்குச் சொல்றதையே சொன்னேன், மூச்சை விட்டுட்டு அப்படியே ஜன்னலைப் பாருன்னு."

வேலைய விட்டானான்னு கேட்காதீங்க. விடல. திங்கக்கிழமை எண்பது குர்தி இருக்காம். ஆனா ரெண்டாவது ஃபோல்டர்ல இப்போ ஒன்பது படம் இருக்கு. எல்லாம் ஒரே தெரு. ஆயாவுக்கு ஒரு பிரின்ட் போட்டுக் கொடுத்திருக்கான். அதை அவங்க சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க.

உங்க ரெண்டாவது ஃபோல்டர்ல கடைசியா எப்போ என்ன விழுந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு இந்த பாட்காஸ்ட்தான் அந்த ஃபோல்டர். ரெண்டு மாசம் கேப் விட்டதுக்கு ஆஃபீஸ் மேல பழி போட்டேன், அதுக்கும் சேர்த்து ஒரு சாரி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். டேக் கேர்.