அவசர சிகிச்சைப் பிரிவின் இரு வாயில்கள்



மருத்துவமனையின் பிற பிரிவுகளுக்கு நேர வரையறை உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அது இல்லை. நள்ளிரவில் வருவோரையும் அது ஏற்றே ஆகவேண்டும். காவல்துறை நடைமுறைகள் முடியட்டும் என்று காத்திராமல் உயிரைக் காப்பதே அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் எவர்க்கும் முதற்கடமை என 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்தில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வழிசெய்தது. முன்வாயில் இவ்வாறு அகலத் திறந்துவிட்டது.

இடர் பின்வாயிலில் இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்க்கு மூச்சும் குருதியோட்டமும் சீராக்கப்பட்டபின் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ உள்நோயாளர் பகுதிக்கோ செல்லவேண்டும். அங்கே படுக்கை காலியில்லை எனில், தள்ளுகட்டிலிலேயே கிடப்பார். அவரைக் கவனிக்கும் செவிலியரே, அடுத்து வரும் ஊர்தியையும் எதிர்கொள்ள வேண்டும். இந்நெரிசலுக்குக் காரணம் வருவோர் பெருகியது மட்டுமன்று, உள்ளே வந்தவர் நகர வழியில்லாததும் ஆகும். மேல்தளத்தில் குணமடைந்தவர் காலையிலேயே வீடு திரும்பத் தகுதி பெற்றிருப்பார். மருத்துவரின் கையொப்பம், கணக்குச் சீட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் என்று மாலையாகிவிடும். இராகுகாலம் கழியட்டும் என்று அதன்பின்னும் அமர்ந்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லாமலில்லை! காலையில் காலியாகாத அக்கட்டிலுக்காக, இரவில் கீழ்த்தளத்தில் ஒருவர் மூச்சுத் திணறியபடி காத்திருக்கிறார்.

அடுத்தது வரிசைச் சண்டை. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராயிருந்த லாரே, பதவியையோ தகுதியையோ பாராது, காயத்தின் கடுமையை நோக்கியே சிகிச்சைக்கு முதன்மை தந்தார். இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளரைப் பிரிக்கும் முறை அவ்வழி வந்ததே. கை முறிந்தவர் ஒரு மணி நேரமாக அமர்ந்திருக்க, இப்போதுதான் வந்த நெஞ்சுவலிக்காரர் உள்ளே அழைக்கப்படுகிறார். உறவினர் வெகுண்டெழுகின்றனர், செவிலியர் வசைபெறுகிறார். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தேவைதான். எனினும் இந்த வண்ணங்களின் பொருளை விளக்கும் பெரிய எழுத்துப் பலகை ஒன்று வாயிலில் இருந்தால், சட்டத்திற்கு வேலை குறையும். பயிற்சி பெற்றவர் போதாமையும் சேர்ந்துகொள்கிறது. அவசர மருத்துவம் தனித்துறையாக இந்தியாவில் ஏற்கப்பட்டதே 2009இல்தான். சிறிய ஊர்களில் இளம் மருத்துவர் ஒருவரே இரவு முழுவதும் அனைத்தையும் பார்ப்பதுண்டு.

மற்றோர் இடர் வீட்டிலிருந்தே உடன் வருகிறது. முகம் கோணி, வாய் குழறி, ஒரு கை துவண்டால் அது பக்கவாதமாகலாம். மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, பொதுவாக அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்து, மூளையில் குருதிக்கசிவு இல்லை என்றும் தெளிய வேண்டும். எண்ணெய் தேய்த்தும், விடியட்டும் என்றிருந்தும் பாதி நேரத்தை வீட்டிலேயே செலவிட்டுவிடுகின்றனர். ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? என்னென்ன மாத்திரை உட்கொள்கிறார்?’ என்று மருத்துவர் வினவுகிறார். உறவினர் பத்துப்பேர் சூழ்ந்து நிற்கின்றனர். விடை தெரிந்த மூதாட்டி ஒருவரை மட்டும் வீட்டுக்குக் காவலாக விட்டு வந்திருக்கின்றனர்.