பச்சையும் மேனியும்

ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் வேளையில் ஒரு மூதாட்டி நம் அருகில் வந்து அமர்கிறார். அவர் கட்சுப் பகுதியின் ரபாரி இனத்தவராக இருக்கலாம். மத்தியப் பிரதேசத்தின் பைகா இனத்தவராகவும் இருக்கலாம். கைகளில் புள்ளியும் கோடுமாகப் பச்சை குத்தியிருக்கிறார். அவருடைய மொழி நமக்குத் தெரியாது; ஆயினும் அந்தப் பச்சை நமக்குப் பழக்கமானது. நம் பாட்டிமார் முன்கையிலும் ஒரு கோலமோ, ஒரு பெயரோ அவ்வாறே இருந்தது. இந்தி பேசுவோர் இதனைக் ‘கோத்னா’ என்பர்.

நாம் ‘பச்சை’ என்கிறோம்; குத்தியதோ கரி. ஊர் ஊராக வந்த குறத்தியர் விளக்குப் புகைக்கரியை நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, ஊசிமுனையால் தோலுக்குள் இறக்கினர். கரியின்மேல் தோல் ஒரு திரையாக நிற்கிறது. அத்திரையில் ஒளியின் நீலக் கூறு மிகுதியாகச் சிதறித் திரும்புவதால், உள்ளிருக்கும் கறுப்பு நம் கண்ணுக்கு நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அவ்வாறாயின் பச்சை ஏன் உதிர்வதில்லை? ஊசி கரியை மேல்தோலுக்கும் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உட்தோலில் இட்டுவிடுகிறது. அயற்பொருளை விழுங்கி உடலைக் காக்கும் உயிரணுக்கள் அங்கே கரித்துகளை விழுங்குகின்றன; செரிக்க இயலாமல் வைத்துக்கொள்கின்றன. ஓரணு மடிந்தால் துகள் வெளிப்படும். அடுத்து வரும் அணு அதனை ஏற்றுக்கொள்ளும். 2018-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி இதனைக் கண்டனர். ஆகவே பச்சை கல்வெட்டு அன்று. கைமாறிக் கைமாறிக் காக்கப்படும் பொருள்.

ஆண்டுகள் செல்லச் செல்லத் துகள்கள் சற்றே பரவுகின்றன. ஒரு பகுதி நிணநீரோடு சென்று நிணநீர்க் கணுக்களில் தங்குகிறது. கோடு தடிக்கிறது, நெருங்கிய எழுத்துகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. தோலும் உடன் மாறுகிறது. அதற்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் முதுமையில் குறைகின்றன. தோல் மெலிந்து சுருங்குகிறது. வெயில் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். முன்கைப் பச்சை மங்கியிருக்க, ஆடை மறைத்த இடத்துப் பச்சை தெளிவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பச்சை மங்குவது நோயன்று. ஆயினும் அதனூடே ஒரு மச்சம் வளர்ந்தாலும், ஆறாத புண் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சிறுவயதில் தம்மைக் கேளாமலே குத்தப்பட்ட பச்சையை வெறுப்பவரும் உண்டு. அவர்கள் சுண்ணாம்பாலோ அமிலத்தாலோ அதனை அழிக்க முயலலாகாது; தழும்பே மிஞ்சும். லேசர் ஒளி கரித்துகளை நுண்ணியதாக உடைக்கும். உடல் அவற்றைச் சிறிது சிறிதாக அகற்றும். அதற்குப் பலமுறை செல்ல நேரும். தோல் மருத்துவரே அதனைச் செய்யத் தக்கவர். புதிதாகக் குத்திக்கொள்ள விரும்பும் இளைஞர்க்கும் ஒரு சொல்: இன்று கூர்மையாகத் தெரியும் நுண்ணெழுத்து நாற்பது ஆண்டுகளில் தெளிவு இழக்கும். ஒருவருக்குப் பயன்பட்ட ஊசி மற்றவருக்கு ஆகாது. கல்லீரல் அழற்சிக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அதன்வழிப் பரவக்கூடும்.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஊருக்குச் செல்கிறோம். பாட்டியின் கையைப் பற்றி நலம் விசாரிக்கிறோம். அதிலுள்ள கோலத்தைப் பற்றிக் கேட்பதில்லை. யார் குத்தினார், எந்த வயதில், விரும்பிக் குத்திக்கொண்டாரா, அழுதாரா, அந்தப் பெயர் யாருடையது என்பதை அவர் ஒருவரே சொல்ல முடியும். தோலிலுள்ள எழுத்தைக் காப்பது நம் வசத்தில் இல்லை. அதன் பொருளைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நம் வசத்தில் உள்ளது. அடுத்த பயணத்தில் அதனைச் செய்வோமாக.